ஊருக்கென்று ஓர் ஊடகம்: வானொலியா, யூடியூப்பா, தொலைபேசியா, ஒலிபெருக்கியா?

ஒரு மகளிர் குழுவோ இளைஞர் மன்றமோ மீனவர் சங்கமோ, "நம்ம ஊர் விஷயத்தை நாமே சொல்ல ஒரு வழி வேண்டும்" என்று பேச உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்திலேயே பேச்சு யூடியூப் சேனலில் வந்து நிற்கிறது. கையில் போன் இருக்கிறது, கணக்குத் தொடங்கச் செலவில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அப்புறம் என்ன தயக்கம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த முடிவை எடுப்பதற்கு முன் மற்ற வழிகளையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. மக்களே தயாரிக்கும் ஊடகம் புதிய விஷயமில்லை. பல நாடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்து வந்திருக்கிறது. எது நிலைத்தது, எது ஏன் திசைமாறியது என்பதற்கெல்லாம் சாட்சிகள் இருக்கின்றன.

பேச வசதியாக ஒரு கடற்கரைக் கிராமத்தை வைத்துக்கொள்வோம். நாகப்பட்டினத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே எந்த ஊராகவும் இருக்கலாம். நாட்டுப்படகுகள் அதிகம், விசைப்படகுகள் கொஞ்சம். பெண்கள் கருவாடு காயவைக்கிறார்கள், கூடையில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்கிறார்கள். பேச வேண்டியவை நிறைய இருக்கின்றன: காற்று எப்படி, ஏலத்தில் விலை என்ன, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் யாருக்கு வரவில்லை, தூண்டில் வளைவு (கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) போட்ட பிறகு பக்கத்து ஊரின் கரை எவ்வளவு கரைந்தது, மீன் சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை ஏன் இல்லை. இந்த ஊருக்கு எந்த ஊடகம் பொருந்தும்?

விலை, எட்டும் தூரம், தொழில்நுட்பம் மூன்றையும் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு இரண்டு கேள்விகள். ஒன்று, ஒரு பதிவு வெளியே போவதற்கு முன் "இது வேண்டாம், இதை வெட்டுங்கள்" என்று சொல்லும் உரிமை, பேசியவரிடம் இருக்கிறதா? இன்னொன்று, முதலில் உதவிய தொண்டு நிறுவனமோ கல்லூரியோ விலகிப் போனால், கருவிகளும் பதிவுகளும் யாரிடம் இருக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் தெளிவாக இருந்தால் மற்றதெல்லாம் சரிசெய்யக் கூடியவை.

சமூக வானொலி

லாப நோக்கமின்றி ஒரு வட்டாரத்து மக்களுக்காக நடக்கும் சிறு எஃப்.எம். நிலையம்தான் சமூக வானொலி. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பு சொன்னது. அதன் பலன் மக்களிடம் வரப் பல ஆண்டுகள் ஆயின. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் சமூக வானொலி அனுமதி கிடைத்தது. அதன்படி முதலில் வந்தது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 2004 பிப்ரவரி 1-இல். தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் மையங்களுக்கும் கதவு திறந்தது 2006-இல். தனிநபருக்கோ அரசியல் கட்சிக்கோ லாபத்துக்கு நடக்கும் நிறுவனத்துக்கோ இன்றும் அனுமதி இல்லை. விண்ணப்பிக்கும் அமைப்பு பதிவு பெற்றதாக, குறைந்தது 3 ஆண்டுகள் அந்த வட்டார மக்களுக்காக வேலை செய்ததாக இருக்க வேண்டும்.

நம் ஊர் நேற்று தொடங்கிய மன்றமாக இருந்தால் கதை இங்கேயே முடிந்தது போலத் தெரியும். ஆனால் தெலங்கானாவின் சங்கம் ரேடியோவைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். முந்தைய மேதக் மாவட்டத்தில் மாச்னூர் என்ற சிற்றூரில், தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற தொண்டு நிறுவனத்தின் தலித் பெண்கள் நடத்தும் நிலையம் அது. அவர்களுக்கு ஒலிபரப்பு கிடைத்தது 2008 அக்டோபர் 15-இல். ஆனால் 1990-களின் இறுதியிலேயே, யுனெஸ்கோ உதவியோடு, பதிவுக்கூடம் வந்துவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உரிமம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சிறுதானிய விதை, கால்நடை வைத்தியம், பாட்டு, ஊர் வழக்கம் என்று பதிவு செய்துகொண்டே இருந்தார்கள். கேசட்டைச் சங்கக் கூட்டங்களுக்கு எடுத்துப்போய் ஒலிக்க விட்டார்கள். ஒலிபரப்பு தொடங்கிய நாளில் அவர்களிடம் நிகழ்ச்சிகளும் இருந்தன, செய்யத் தெரிந்த கைகளும் இருந்தன, எது கேட்கப்படும் எது கேட்கப்படாது என்ற அனுபவமும் இருந்தது. இந்த ஒப்பீட்டில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் உதாரணம் இதுதான்.

வானொலியின் வலிமை அதன் எல்லையிலேயே இருக்கிறது. 100 வாட் கதிர்வீச்சுத் திறன், 30 மீட்டர் வரை உயர்ந்த ஆன்டெனாக் கம்பம் என்ற அளவில் ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் வரை கேட்கும். கேட்பவர்களும் பேசுபவர்களும் ஒரே சந்தைக்குப் போகிறவர்கள். பொய் சொன்னால் மறுநாள் காலையில் மீன் ஏலத்திலேயே கேட்டுவிடுவார்கள். குறைந்தது பாதி நிகழ்ச்சிகள் அந்த வட்டாரத்திலேயே தயாரானவையாக, இயன்றவரை அந்த ஊர்ப் பேச்சிலேயே இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. பாம்பனில் மீனவர்களுக்காக 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 இதற்கு நம் பக்கத்து சாட்சி. காற்று, கடல் நிலை, மீன்வளம் காப்பது, கடற்கரைப் பாட்டு எல்லாம் அந்தக் கரையின் குரலிலேயே வருகின்றன. 2024-இல் திருத்திய விதிகளில், நிகழ்ச்சிகளை முடிவு செய்யும் ஆலோசனைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சேர்த்ததை நான் மனதார வரவேற்கிறேன். மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இடமே இல்லாத கரைகள் இன்னும் இருக்கின்றன.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். சமூக வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். வானிலை, மின்தடை, குடிநீர், பேரிடர் எச்சரிக்கை, தேர்வு அறிவிப்பு போன்றவை செய்தியாகக் கருதப்படுவதில்லை என்பதால் அவற்றுக்குத் தடையில்லை. ஆனால் "நிவாரணப் பட்டியலில் முறைகேடு" என்று புலனாய்வு செய்து சொல்ல முடியாது. பாதிக்கப்பட்ட பெண் தன் அனுபவத்தைச் சொல்லலாம், அதிகாரியை அழைத்து விளக்கம் கேட்கலாம். இந்த நுட்பம் தெரிந்த நிலையங்கள் நிறைய சாதித்திருக்கின்றன. தெரியாதவை பாட்டு போட்டே பொழுதைக் கழிக்கின்றன. வருமானத்துக்கு ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். மீன்பிடி ஊர்களில் விளம்பரம் தரும் கடைகள் எத்தனை இருக்கும்? மின்கட்டணம், கருவி பழுது, இரண்டு மூன்று பேருக்குச் சம்பளம் என்று மாதாமாதம் வரும் செலவுக்கு வழி காணாமல் கம்பம் நடுவது ஆபத்து.

இன்னொன்று. இந்தியாவில் ஏறத்தாழ 500 சமூக வானொலிகள் இருக்கின்றன என்றாலும் அவற்றில் கணிசமானவை கல்லூரி வளாகங்களில் இருப்பவை. அங்கே மாணவர்கள் அருமையாகக் கற்கிறார்கள், சுற்றுவட்டார மக்களும் வந்து பேசுகிறார்கள். ஆனால் என்ன ஒலிக்க வேண்டும் என்ற கடைசி முடிவு நிர்வாகத்தினுடையது. இலங்கையின் கொத்மலை வானொலி 1989-இல் தொடங்கியது. 1990-களின் கடைசியில் கேட்பவர்கள் கேள்வி கேட்க, நிலையத்தில் உள்ளவர்கள் இணையத்தில் தேடி ஒலிபரப்பிலேயே பதில் சொன்ன முயற்சியை உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் அது அரசு ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் இருந்த நிலையம்தான். மக்கள் பங்கேற்பது வேறு, மக்கள் நடத்துவது வேறு. ஒரு கல்லூரி "எங்கள் வானொலியில் உங்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் தருகிறோம்" என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், நல்ல தொடக்கம். ஆனால் உங்கள் பதிவுகளின் ஒரு நகல் உங்களிடமே இருக்க வேண்டும்.

வீடியோ

வீடியோவை ஒரே வழியாக எண்ணுவதுதான் பெரிய குழப்பம். அதற்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஊருக்கும், முடிவெடுக்கும் அதிகாரிக்கும் காட்ட எடுப்பது ஒன்று. உலகத்துக்கே போடுவது மற்றொன்று.

முதல் வழிக்குக் கனடாவின் ஃபோகோ தீவு முன்மாதிரி. நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இருக்கும் மீனவத் தீவு அது. மீன்பிடித் தொழில் நலிந்து, அரசு அந்த மக்களை வேறிடத்தில் குடியமர்த்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். 1967-இல் தேசியத் திரைப்பட வாரியத்தின் இயக்குநர் காலின் லோவும் மெமோரியல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்னோடனும் அங்கே சென்றார்கள். தீவு மக்கள் பேசியதை 20-க்கும் மேற்பட்ட குறும்படங்களாக எடுத்தார்கள். படத்தில் இருப்பவர்கள் முதலில் பார்த்து, வேண்டாததை நீக்கச் சொல்லி, சம்மதித்த பிறகுதான் மற்றவர்களுக்குத் திரையிட்டார்கள். தனித்தனி ஊர்களாக, மதத்தாலும் பிரிந்து கிடந்தவர்கள் ஒருவர் பேச்சை மற்றவர் திரையில் கேட்டபோது, எல்லோருக்கும் ஒரே கவலைதான் என்று தெரிந்தது. அமைச்சர் படங்களைப் பார்த்தார். தன் பதிலையும் படமாகவே பதிவு செய்து அனுப்பினார், அதையும் தீவில் திரையிட்டார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மக்கள் தீவிலேயே தங்கினார்கள். படம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. மக்கள் ஏற்கெனவே கூடிப் பேசத் தொடங்கியிருந்தார்கள், படம் அந்தப் பேச்சை நேரில் போக முடியாத இடங்களுக்குக் கொண்டுபோனது.

இதை நம் ஊரில் செய்ய இன்று ஒரு போனும், கோயில் மண்டபத்திலோ வலை பின்னும் கூடத்திலோ ஒரு புரொஜெக்டரும் போதும். அகமதாபாத்தில் சுயதொழில் பெண்களின் சங்கமான சேவா, 1984-இலேயே எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு வீடியோ கேமரா பழக்கிவிட்டது. சங்கம் ரேடியோ பெண்களின் கூட்டாளிகளும் கேமரா பிடித்தார்கள். மேலிருந்து கீழே பார்க்கும் கோணம் நிலக்கிழாருடையது, கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது கூலிக்காரருடையது என்று பிரித்தார்கள். கூட்டத்தில் சமமாகத் தரையில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில் கேமராவை வைப்பதுதான் தங்கள் வழி என்றார்கள். எடுப்பவர் யார் என்பது படத்தில் தெரியும். மீன் சுமக்கும் அக்காவை நகரத்திலிருந்து வந்த இளைஞர் எடுப்பதும், பக்கத்துக் கூடைக்காரி எடுப்பதும் வேறு வேறு படங்கள்.

இரண்டாவது வழியான யூடியூப்புக்கு வருவோம். அதன் சாதனை பெரிது, அதைக் குறைத்துப் பேச விரும்பவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு குடும்பம் வயல்வெளியில் சமைத்துக் காட்டும் வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனலானது. தென் கடற்கரை மீனவ இளைஞர்கள் படகிலிருந்தே வலை இழுப்பதைக் காட்டி லட்சக்கணக்கானவர்களை எட்டியிருக்கிறார்கள். கடல் வேலையின் அருமை உள்நாட்டு மக்களுக்குத் தெரிய அது உதவியிருக்கிறது.

ஆனால் இவை ஒரு குடும்பத்தின், ஒரு தனிமனிதரின் தொழில்கள். உழைத்தார்கள், சம்பாதித்தார்கள், நியாயம். ஊரின் பொதுக் குரலாக இருக்க வேண்டிய சேனல் அதே பாதையில் போனால் என்ன ஆகும்? விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெற 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நிவாரணப் பட்டியல் விடுபட்டதைப் பற்றிய காணொளி, அது தேவைப்படும் ஐந்நூறு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தால் முழு வெற்றி. யூடியூப்பின் கணக்கில் அது தோல்வி. பெரிய சுறா வலையில் விழுந்தால் கூட்டம் வரும். அடுத்த மாதம் குழு எதை எடுக்கத் தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு மாறுவதில்லை, எண்கள் இழுத்துக்கொண்டு போகின்றன.

அதைவிட எனக்குக் கவலை தருவது, முகம் காட்டிப் பேசும் பெண்களின் நிலை. சந்தையில் தன்னைத் தொந்தரவு செய்தவர்களைப் பற்றிப் பேசும் ஒரு பெண்ணை ஊர்க்கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் காப்பாற்றுவார்கள். யூடியூப்பில் பின்னூட்டம் போடுகிறவர்களிடமிருந்து யார் காப்பாற்றுவது? காணொளியை ஒருமுறை தரவிறக்கியவர் அதை வெட்டி வேறு எங்கே வேண்டுமானாலும் போடலாம். அப்புறம் "வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று அவர் கேட்டாலும், நீங்கள் நீக்குவது உங்கள் பிரதியை மட்டும்தான். கணக்கின் கடவுச்சொல் யாரிடம் என்பதும் சின்ன விஷயமில்லை. குழுவில் போன் வாங்க வசதியுள்ள ஒரு தம்பியின் பெயரில் கணக்கு தொடங்கி, அவர் வெளிநாட்டு வேலைக்குப் போனதும் சேனலே அநாதையாகிவிடும்.

தொலைபேசிக் குரல்

2010-இல் சத்தீஸ்கரில், முன்னாள் பி.பி.சி. செய்தியாளர் சுப்ரான்ஷு சௌத்ரி தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, தொலைபேசி வழியே மக்கள் பேசும் ஊடகத்துக்கு எடுத்துக்காட்டு. ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அது திரும்ப அழைக்கும். ஒன்றை அழுத்தினால் உங்கள் செய்தியைப் பதிவு செய்யலாம், மற்றொன்றை அழுத்தினால் மற்றவர்கள் சொன்னதைக் கேட்கலாம். கோண்டி பேசும் பழங்குடி மக்களுக்கு நாளிதழோ தொலைக்காட்சியோ தங்கள் மொழியில் இல்லை, பட்டன் போன் மட்டும் இருந்தது. பள்ளியில் மதிய உணவு வரவில்லை, வேலைத்திட்டக் கூலி வரவில்லை என்று பேசியவர்கள் சம்பந்தப்பட்ட அதிகாரியின் எண்ணையும் சொன்னார்கள். கேட்டவர்கள் அந்த அதிகாரியை அழைத்தார்கள். கூலி வந்த பிறகு "வந்துவிட்டது, நன்றி" என்று மறுபடியும் பதிவு செய்தார்கள். அந்தக் கடைசிப் படியை நான் மிகவும் மதிக்கிறேன். பல ஊடகங்கள் புகாரோடு நின்றுவிடுகின்றன.

இதில் வானொலிக்கு உள்ள செய்தித் தடை இல்லை, முகம் தெரிவதில்லை, எழுத்தறிவு வேண்டியதில்லை. ஆனால் வரும் பதிவுகளைக் கேட்டு, உண்மையா என்று பார்த்து வெளியிட ஆள் வேண்டும். நிறுவனமே திரும்ப அழைப்பதால் ஒவ்வொரு நிமிடமும் அதன் செலவு, நன்கொடை நின்றால் சேவையும் தடுமாறும். ஒரே ஊருக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா என்றால் தேவையில்லை. பத்துப் பதினைந்து கரையோர ஊர்கள் சேர்ந்தால் யோசிக்கலாம்.

ஒரு ஊருக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு போதுமே என்பீர்கள். பாதி சரி. ஏல விலையும் காற்றும் அதில் வேகமாகப் போகின்றன. ஆனால் போன் வீட்டில் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கணவரோ மகனோ வைத்திருக்கிறார். குழுவில் பேசும் நூறு பேரில் மீன் விற்கும் பெண்கள் எத்தனை பேர்? பழைய பதிவுகளைத் தேடி எடுப்பதும் கடினம், வதந்தியும் அதே வேகத்தில் போகும். பகிரும் வழியாக வைத்துக்கொள்ளலாம், ஊடகத்தின் வீடாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒலிபெருக்கி, அச்சு, கேபிள்

ஒலிபெருக்கியைச் சொன்னால் பழைய காலம் என்று நினைப்பவர்கள் நல்லவாடு ஊரின் கதையைக் கேட்க வேண்டும். புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இலிருந்து கிராமத் தகவல் மையங்களை நடத்திவந்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, கடலுக்குப் போகுமுன் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி கண்டு வீட்டுக்கு போன் செய்தார். அங்கிருந்தவர்கள் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்க, ஊரே கரையை விட்டு ஓடியது, உயிர்கள் பிழைத்தன. தினமும் அலை உயரம் சொல்லிப் பழகிய கருவி என்பதால்தான் அன்று எல்லோரும் உடனே நம்பினார்கள் என்று நான் நினைக்கிறேன். ஒலிபெருக்கி இருபுறமும் பேசாது, நுணுக்கமான விவாதத்துக்கு ஆகாது. ஆனால் வீட்டில் போன் இல்லாத பாட்டிக்கும் அது கேட்கும்.

அச்சில் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002-இல் பெண்கள் தொடங்கிய கபர் லஹரியா பெரிய சாதனை. வட்டார மொழியில் வாரப் பத்திரிகையாக வந்து, பின்னாளில் அச்சை விட்டு வீடியோவுக்கு மாறியது. முழுநேரச் செய்தியாளர்களும் பயிற்சியும் உள்ள அமைப்பு அது. ஒரு கிராமக் குழுவுக்கு அந்த அளவு கடினம், மாதம் ஒருமுறை சந்தைச் சுவரில் ஒட்டும் தாள் போதும். கர்நாடகத்தின் புதிகோட்டில் வானொலி உரிமம் கிடைக்காத காலத்தில் கேபிள் டிவி கம்பி வழியே ஒலியை வீடுகளுக்கு அனுப்பினார்கள். கேபிள் நடத்துபவர் உங்கள் ஊர்க்காரராக இருந்தால் பேசிப் பார்க்கலாம்.

நான் என்ன செய்வேன்

அந்தக் கடற்கரை ஊர் என்னைக் கேட்டால் ஒலியில் தொடங்கச் சொல்வேன். ஒரு நல்ல மைக், இரண்டு போன், இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள் ஆடாசிட்டி ஏற்றிய பழைய கணினி ஒன்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகில் போகும் இளைஞர்கள் அப்போதுதான் கரையில் இருப்பார்கள், பயிற்சிக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. பெண்களுக்கோ தடைக்காலத்திலும் வேலை ஓயாது. அவர்களுக்குப் பயிற்சி நேரம் சந்தை முடிந்த பிற்பகலாக, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளோடு இருக்க வேண்டும். வாரம் ஒரு அரைமணி நிகழ்ச்சி. பேசியவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுவது, அப்புறம் ஒலிபெருக்கியிலும் வலைக்கூடத்திலும் ஒலிக்கவிடுவது, வாட்ஸ்அப்பில் பகிர்வது.

வீடியோவை ஆண்டுக்கு இரண்டு மூன்று விஷயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கரை அரிப்பு போல, சொன்னால் புரியாது, காட்டினால்தான் புரியும் என்கிறவற்றுக்கு. ஊரில் திரையிட்டு, சம்மதம் பெற்று, கிராம சபையிலும் மாவட்ட ஆட்சியரின் மீனவர் குறைதீர் கூட்டத்திலும் காட்ட வேண்டும். பதிலையும் படம்பிடித்து வந்து ஊரில் போட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, முகம் காட்டியவர்கள் சரி என்றால் யூடியூப்பில் ஏற்றலாம், அதையும் சங்கத்தின் பெயரில்.

வானொலிக்கு மூன்று ஆண்டுகள் முடிந்ததும் விண்ணப்பிக்கலாம். தொடக்கத்திலேயே சங்கத்தைப் பதிவு செய்து, ஆண்டறிக்கையும் தணிக்கையும் ஒழுங்காக வைத்திருந்தால் 3 ஆண்டுச் சேவை என்ற நிபந்தனை தானாக நிறைவேறும், கையில் நூற்றுக்கு மேல் நிகழ்ச்சிகளும் இருக்கும். அப்போதும் மாதச் செலவுக்கு வழி தெரியாவிட்டால் கம்பம் வேண்டாம், பக்கத்தில் ஏற்கெனவே ஒலிக்கும் நிலையத்தில் நேரம் கேளுங்கள்.

இப்போதே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. முதல் பதிவுக்கு முன்பே சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் நான்கு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: கருவிகள் சங்கத்துக்குச் சொந்தம், எல்லாப் பதிவுகளின் நகலும் இரண்டு வெவ்வேறு வீடுகளில் உள்ள வன்தட்டுகளில் இருக்கும், கடவுச்சொல் குறைந்தது மூன்று பேரிடம், அதில் இருவர் பெண்கள், பேசியவர் கேட்டுச் சம்மதிக்காத எதுவும் வெளியே போகாது.